‘பத்துக்கு எத்தனை’ அம்மையாருக்கு, ஒரு திருத்தத்துடன்

குதிரை இனப்பெருக்க ஆய்வகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்து, முதன்மை மருத்துவராய் உயர்ந்து, இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறும் எங்கள் அம்மையார் அவர்களின் திருமுன், ஆய்வகத்தார் அனைவரும் அன்போடு படைக்கும் மடல்.

மாண்பில் மலையே! மருத்துவ மாமணியே!

பேசாத பிராணிகளின் பிணியைப் பேசவைத்த பேரறிவே!

அவரைக்கொட்டை அளவுத் திசுவில் ஆண்டுகள் பலவற்றின் அல்லலைப் படித்தறிந்த அருந்திறலே!

பிழையே அறியாத பெருந்தகையே!

வணக்கம்.

சட்டம் போட்டு மாட்டிய பிறகு இதைப் பார்ப்பவர்கள், மேலேயுள்ள கடைசி விளியின் குறுக்கே ஒரு பேனாக் கோடு ஓடுவதையும், பக்கத்தில் இரண்டாம் மருத்துவரின் கையெழுத்தும் இன்றைய தேதியும் இருப்பதையும் காண்பார்கள். மை சிந்திவிட்டது என்றோ அச்சகத்தார் சொதப்பிவிட்டார்கள் என்றோ எண்ண வேண்டாம். கோடு வேண்டுமென்றே போடப்பட்டது. ஏன் என்று சொல்லப் புகுந்ததில்தான் இந்த மடல் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

முறைப்படி சொல்ல வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அம்மையீர்! தாங்கள் பணியேற்ற நாளில் இந்த ஆய்வகம் என்பது ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி, கால் ஆடும் ஒரு மேசை. இன்று ஏழு அறைகள், நான்கு நுண்ணோக்கிகள். மேசை மட்டும் அதே மேசை, கால் இன்றும் ஆடுகிறது. மாற்றித் தருகிறோம் என்றபோதெல்லாம், ஆட்டம் பழகிவிட்டது, ஆடாத மேசையில் தமக்குக் கண் தெரியாது என்று தட்டிக்கழித்தீர்கள். அந்த ஆடும் மேசையில் அசையாத கண்ணோடு தாங்கள் படித்து முடித்த கண்ணாடிச் சில்லுகள் எட்டாயிரத்துச் சொச்சம். அத்தனையும் குட்டி போடாத குதிரைகளின் கருப்பையிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குகள்.

வெளியார்க்கு விளங்கும்படி ஒரு வார்த்தை. நல்ல உடல், நல்ல நடை, பளபளக்கும் மயிர், ஆனால் ஆண்டுக்கணக்காகச் சினை பிடிக்கவில்லை என்று பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீண்ட கவ்வியைக் கையோடு உள்ளே செலுத்தி, கருப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, மஞ்சள் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தாளினும் மெல்லியதாக வெட்டி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உள்ளே வீக்கமா, தழும்பா, சுரப்பிகள் சுகமா என்பது தெரியவரும். கவ்வியைத் தொடுவதற்கு முன் குதிரை ஏற்கெனவே சினையா என்று கைவைத்துப் பார்க்காமல் தாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. உரிமையாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தே தீருவீர்கள். அப்படிப் பார்த்ததால், கவ்வி பட்டுக் கலைந்துபோகாமல் உள்ளேயே பிழைத்துக்கொண்ட குட்டிகள் பதினான்கு. தங்கள் இடது முழங்காலில் இருக்கும் தழும்பு, அந்தப் பதினான்கில் ஒன்றின் தாய் தந்த நன்றிக்கடன்.

‘பத்துக்கு எத்தனை அம்மா’ என்று லாயக்காரர்கள் தங்களுக்கு வைத்த பெயர் தங்கள் காதுக்கு எட்டாதது போலவே இத்தனை ஆண்டும் இருந்துவிட்டீர்கள். பிடிக்குமா பிடிக்காதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அவர்கள் நச்சரிப்பார்கள். தாங்களோ அறிக்கையின் அடியில் ஒரே ஒரு வரி எழுதுவீர்கள்: இப்படிப்பட்ட கருப்பையுள்ள குதிரைகள் பத்து இருந்தால் அவற்றுள் எட்டு குட்டி போடும், அல்லது ஐந்து, அல்லது ஒன்று. மிக மோசமான மூன்றாம் தரத்துக்கும் தாங்கள் பூஜ்யம் எழுதியதில்லை. அந்த ஒன்று எந்தக் குதிரை என்று யாருக்குத் தெரியும் என்பீர்கள். இந்தக் கண்டிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்களுள் முதன்மையானவர் எங்கள் இரண்டாம் மருத்துவர்தான் என்பதை அவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறோம்.

இனிக் கோட்டுக்கு வருகிறோம்.

இந்த மடலின் முதல் வரைவு எங்கள் அலுவலக எழுத்தருடையது. அடுக்குமொழி கிடைத்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். போன வாரம் தேநீர் வேளையில், மாதிரிகள் வந்து சேரும் முன்னறையில் எல்லோரையும் உட்காரவைத்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மலையே மாமணியே என்றபோது தலையாட்டினோம். பிழையே அறியாத பெருந்தகையே என்ற இடத்தில் இரண்டாம் மருத்துவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“அந்த வரியை எடுத்துடுங்க. அவங்க ஒரு தப்பு பண்ணியிருக்காங்க” என்றார்.

எழுத்தரின் முகம் சுருங்கிப்போயிற்று. ஓய்வு பெறும் நேரத்தில் இப்படியொரு வன்மமா என்று எங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். பதினோரு ஆண்டுகள் உள்ளுக்குள் வைத்திருந்தது என்பதால் அதற்கு நேரமும் பிடித்தது.

அவர் இங்கே வந்தபோது தங்களைவிட இரண்டே வயது இளையவர், ஆனால் தங்களைவிட இரண்டு பட்டம் கூடுதல். முதன்மை நாற்காலி தமக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டிருந்தார். தங்களுடைய வழக்கங்கள் அவருக்கு வேடிக்கையாகத் தெரிந்தன. அவற்றுள் ஒன்று, சில்லைக் கையில் எடுக்கும் முன் திசு வெட்டும் எங்கள் கத்திக்காரரிடம் ‘எப்படி வெட்டுச்சு?’ என்று கேட்பது. கண்ணால் பார்ப்பதற்கு முன் இன்னொருவர் கையைக் கேட்கிற மருத்துவரை அவர் எந்தப் பெரிய நூலிலும் படித்ததில்லை.

ஆறு மாதம் கழிந்தது. தங்கள் கணவருக்கு அறுவைச் சிகிச்சை. தாங்கள் பன்னிரண்டு நாள் விடுப்பில் போனீர்கள். அந்த நாட்களில், வெளியூர்க் கால்நடை மருத்துவர் ஒருவர் திசு எடுத்து அனுப்பிய ஒரு குப்பி வந்தது. தொலைவில் சவாரி லாயம் வைத்திருக்கும் ஒருவரின் செம்பழுப்புக் குதிரை; மூன்று ஆண்டாகச் சினை பிடிக்கவில்லை. அந்த லாயத்தின் பெயரே அந்தக் குதிரையால் வந்ததுதான். அதற்கு வாரிசு வேண்டும் என்று அவர் நடையாய் நடந்துகொண்டிருந்தார். படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. திசு எடுத்த தேதி என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

கத்திக்காரர் மெழுகுக் கட்டியை வெட்டிவிட்டு வந்து, திசு மொறுமொறுவென்று உடைகிறது, மஞ்சள் திரவத்தில் நெடுநாள் கிடந்தது போலிருக்கிறது என்றார். கத்தியைத் தீட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் இரண்டாம் மருத்துவர். சில்லைப் பார்த்தார். சுரப்பிகள் சுருங்கி, எண்ணிக்கை குறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. குப்பி வந்ததோ வசந்தத்தின் தொடக்கத்தில். குதிரைகள் பருவத்துக்கு வரும் காலம். அந்தக் காலத்தில் சுரப்பி இப்படி இருந்தால் அது முதுமை. அவருக்கு ஐயம் எதுவும் எழவில்லை. மூன்றாம் தரம் என்று எழுதினார். தங்கள் வழக்கத்தைக் கிண்டல் செய்வது போல, பத்துக்கு எத்தனை என்ற இடத்தில் ‘இல்லை’ என்று ஒரே சொல்லை எழுதி முத்திரை குத்தி அனுப்பினார். அதை எழுதும்போது தமக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகவே இருந்தது என்று அவர் சொன்னபோது அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது.

தாங்கள் திரும்பி வந்தீர்கள். தாங்கள் இல்லாத நாட்களின் சில்லுகளை ஒவ்வொன்றாய் எடுத்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் கத்திக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அந்தச் சில்லுக்கு அவர் ‘உடைஞ்சுதும்மா’ என்றார். தாங்கள் நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருந்தீர்கள். பிறகு இரண்டாம் மருத்துவரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, சுரப்பிகளைச் சுற்றித் தழும்பு எங்காவது தெரிகிறதா என்று மட்டும் கேட்டீர்கள். அவர் தேடினார். முதுமை என்றால் சுற்றிலும் தழும்பு இருந்திருக்க வேண்டும். ஓர் இழைகூட இல்லை.

“இது கிழடு தட்டலை டாக்டர். தூங்குது” என்றீர்கள்.

பகல் குறுகிய குளிர்மாதங்களில் பெண் குதிரையின் கருப்பை ஓய்வெடுக்கும், சுரப்பிகளும் சுருங்கிக் கிடக்கும், நாள் நீண்டதும் தானே விழித்துக்கொள்ளும். இது இரண்டாம் மருத்துவருக்குத் தெரியாததல்ல. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்தான். தாங்கள் தொலைபேசியை எடுத்து அந்த ஊர்க் கால்நடை மருத்துவரிடம் தேதி கேட்டீர்கள். கடுங்குளிரில் எடுத்தது, அனுப்ப மறந்து ஏழு வாரம் அலமாரியில் கிடந்திருக்கிறது. அடுத்து லாயக்காரருக்குப் பேசினீர்கள். இறைச்சி வியாபாரியின் வண்டி மறுநாள் காலை வருகிறது என்றார். அறிக்கையில் ‘இல்லை’ என்று இருந்ததால் அவர் குதிரையைக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார்.

மதியம் ஆய்வக வண்டியில் கிளம்பினீர்கள். இரண்டாம் மருத்துவரையும் ஏற்றிக்கொண்டீர்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் தாங்கள் பேசியதெல்லாம் கணவரின் தையல் எப்படி ஆறுகிறது என்பதைப் பற்றித்தான். அந்த மாதக் கடைசியில் இரண்டாம் மருத்துவரின் பணி நிரந்தரமாக வேண்டும். இப்படி ஒரு பிழை வெளியே தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லாயத்தின் வாசலில் அந்தக் குதிரை, நாளை என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல், வாளியில் மூக்கை விட்டு நீரை உதறிக்கொண்டிருந்தது. அறிக்கையில் ஆய்வகத்தின் முத்திரைதான் இருக்கும், யார் பார்த்தது என்பது எங்கள் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். லாயக்காரர் அறிக்கையை நீட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். இரண்டாம் மருத்துவர் வாயைத் திறக்கத்தான் நினைத்தாராம். அதற்குள் தாங்கள் சொல்லிவிட்டீர்கள்.

“நான்தான். தேதி கேக்காம எழுதிட்டேன். குதிரையை அனுப்பாதீங்க.”

“ஒரு தேதியைக் கேக்க வாய் வலிச்சுதா உங்களுக்கு?” என்று ஆரம்பித்த லாயக்காரர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. தாங்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டீர்கள். இரண்டாம் மருத்துவர் பக்கத்தில் மரம் போல நின்றார்.

திரும்பும்போது அவர் நன்றி சொல்லத் தொடங்கினார். தாங்கள் இடைமறித்தீர்கள். “உங்களுக்காகச் சொன்னேன்னு நெனைச்சுக்காதீங்க டாக்டர். நீங்கன்னு தெரிஞ்சா, உங்ககிட்ட விட்டுட்டுப் போன என் மேலயும் சேர்ந்து நம்பிக்கை போகும். ரெண்டு பேர் மேலயும் போச்சுன்னா அந்தப் பக்கத்துலேர்ந்து யாரும் சாம்பிளே அனுப்ப மாட்டாங்க. பாக்காமலே குதிரைங்களை அனுப்பிடுவாங்க. ஒருத்தி மேல போனா சமாளிச்சுக்கலாம்” என்றீர்கள். மறுநாள் பதிவேட்டில் அவருடைய சுருக்கொப்பத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, தங்கள் ஒப்பத்தை இட்டு, ‘தேதி கேட்காமல் படித்தது நான்’ என்று எழுதினீர்கள். எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, அடித்தது அடியில் படிக்கத் தெரிய வேண்டும் என்பது தங்கள் சட்டம். ஆகவே அவருடைய ஒப்பம் அந்தக் கோட்டுக்கு அடியில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

குதிரை பிழைத்தது. வசந்தம் முற்றியதும் தாங்களே போய் மறுபடி திசு எடுத்தீர்கள். பத்துக்கு ஆறு என்று எழுதினீர்கள். முதல் ஆண்டு பிடிக்கவில்லை. லாயக்காரர் அதற்கும் தங்களைத்தான் திட்டினார். இரண்டாம் ஆண்டு பிடித்து, அதற்கடுத்த ஆண்டு நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு பெண் குட்டி பிறந்தது. அதற்குப் பிறகும் அவர் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து அவர் அனுப்பிய ஒவ்வொரு குப்பியின் உறையிலும் கொட்டை எழுத்தில் ‘இரண்டாம் மருத்துவர் பார்வைக்கு மட்டும்’ என்று இருக்கும். சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம் அந்த அம்மாவிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவந்தார். தாங்கள் உறையைக் கொண்டுபோய் இரண்டாம் மருத்துவரின் மேசையில் வைத்து, “உங்க ரசிகர் அனுப்பியிருக்காரு” என்பீர்கள். நாங்களும் சிரிப்போம். இரண்டாம் மருத்துவர் மட்டும் சிரித்ததில்லை, நாங்கள் அதைத் தலைக்கனம் என்று எண்ணியிருந்தோம். பதினோரு ஆண்டுகள் ஒவ்வொரு உறையும் அவருக்குக் கன்னத்தில் விழுந்த ஓர் அறை. இருந்தும் அவர் வாய் திறக்கவில்லை. பணி நிரந்தரமான பிறகும் திறக்கவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதற்குத் தமக்கே காரணம் தெரியவில்லை என்றார்.

“தன்னோட பதிவேட்டுல பொய்யே எழுதக் கூடாதுன்னு சொன்னவங்க ஒரு பொய் எழுதியிருக்காங்க. அதுதான் அவங்க பண்ண தப்பு. அதைத் திருத்தாம அவங்களை அனுப்பக் கூடாது” என்று முடித்தார். எழுத்தர் தம் அருமை வரியை அவரிடமே நீட்டினார். அதை அப்படியே அச்சிடச் சொல்லி, இன்று அதன் குறுக்கே அவர் கோடு போட்டார். பக்கத்தில், ‘ஒரே ஒரு பொய் எழுதிய பெருந்தகையே’ என்று எழுதினார். அடுக்கு சரியாக விழவில்லை என்று எழுத்தருக்கு இன்னும் குறைதான்.

ஆகவே, அம்மையீர்! தங்கள் ஒப்புதல் இல்லாமல் நாங்கள் ஒரு காரியம் செய்துவிட்டோம். பதினோரு ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டை எடுத்து, தங்கள் சட்டப்படியே, அழிக்காமல், ஒற்றைக் கோடு மட்டும் போட்டு, தங்கள் ஒப்பத்தை நீக்கியிருக்கிறோம். ‘தேதி கேட்காமல் படித்தது நான்’ என்று அதன் கீழே இரண்டாம் மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். கத்திக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாங்கள் கோபித்துக்கொண்டாலும் இனி மாற்ற இயலாது. ஐந்து மணிவரை பதிவேட்டைப் பூட்டிவைத்திருக்கிறோம், அதற்குமேல் அதைத் தொடத் தங்களுக்கு அதிகாரமில்லை.

பதிவேட்டைத் திருத்திவிட்டால் போதுமா என்று போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மருத்துவர் அந்த லாயத்துக்குத் தனியே போனார். நடந்ததை வாசலிலேயே நின்று சொன்னார். லாயக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, “பதினோரு வருஷமா அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே” என்றார். அடுத்து, “பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தீங்களே, எப்படி முடிஞ்சுது உங்களால?” என்றார். அந்தக் கேள்வியையும் அப்படியே இங்கே எழுதச் சொன்னார் இரண்டாம் மருத்துவர்.

தங்களை வாழ்த்துவது எங்கள் கடன். இடது முழங்கால் வலியின்றி, கண்ணொளி குன்றாமல், கணவரோடும் மக்களோடும் பேரக்குழந்தைகளோடும் நூறாண்டு நலமாய், நிறைவாய், நிம்மதியாய் வாழ வேண்டும். பத்துக்கு எத்தனை என்று எங்களைக் கேட்டால் பத்துக்குப் பத்து என்போம். தாங்கள் அப்படி ஒருநாளும் எழுதியதில்லை என்பது தெரிந்தே சொல்கிறோம்.

ஆனால் அம்மையீர், வாழ்த்தைப் பெற்றுக்கொண்டு நேரே வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஒரு வேலை மீதம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லாயக்காரர் தாமே ஒரு குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். நெற்றியில் சுட்டியோடு பிறந்த அந்தக் குட்டிக்கு இப்போது வயது ஒன்பது. அதுவும் இரண்டு ஆண்டாகச் சினை பிடிக்கவில்லை. உறையின் மேல் அதே கொட்டை எழுத்தில், ‘அம்மையார் பார்வைக்கு மட்டும்’ என்று இருக்கிறது. இந்த மடல் வாசிக்கப்படும் விழா மண்டபத்தில், மூன்றாம் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

சில்லு தயாராகி, ஆடும் மேசையின் மேல் காத்திருக்கிறது. இப்போது மணி மூன்றரை, ஐந்து வரை அந்த நாற்காலி தங்களுடையது. படிவத்தில் தேதிக் கட்டம் நிரம்பியிருக்கிறது. தாங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால், கத்திக்காரர் முன்கூட்டியே சொல்லச் சொன்னார்:

“நல்லா வெட்டுச்சும்மா.”

என்றும் தங்கள்,
முன்னறை முதல் மெழுகறை வரை உள்ள ஆய்வகத்தார் அனைவரும்,
அவர்களோடு, கோட்டுக்குப் பக்கத்தில் தனியே கையொப்பமிட்ட இரண்டாம் மருத்துவர்.